உள்ளத்தின் காயங்களைக் கண்ட மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான்

ஒடுக்கப்பட்ட மக்களின் விடுதலைக்கு உழைத்தோர் வரிசையில் அரசியல் தலைவர்களையும் சட்ட மேதைகளையும் போராளிகளையும் நாம் நன்கு அறிவோம். ஆனால் அடிமைத்தனமும் போரும் சித்திரவதையும் மனித மனத்தை எவ்வாறு சிதைக்கின்றன என்பதை நோயாளியின் அருகில் அமர்ந்து ஆராய்ந்து, உலகுக்கு எடுத்துரைத்த மருத்துவர் ஒருவரை நம் இளைஞருள் பலர் அறிந்திலர். அவர்தாம் டாக்டர் ஃபிரான்ஸ் ஃபனான். அவர் 36 ஆண்டுகளே வாழ்ந்தார். அரசியல் சிந்தனையாளர் என்ற அளவில் அவர் பெயர் உலகெங்கும் பரவியிருப்பினும், மனநல மருத்துவர் என்ற முறையில் அவர் ஆற்றிய தொண்டு அதற்குச் சற்றும் குறைந்ததன்று. அத்தொண்டைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

பிறப்பும் இளமையும்

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்த்தினிக், பிரான்சு நாட்டின் குடியேற்றமாக நெடுங்காலம் இருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் அங்குக் கரும்புத் தோட்டங்கள் செழித்தன. 1848இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் நிறத்தின்படி மனிதரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் ஒழியவில்லை. அத்தீவின் தலைநகரான ஃபோர்-த-பிரான்சில் 1925 ஜூலை 20ஆம் நாள் ஃபனான் பிறந்தார். தந்தையார் சுங்கத் துறையில் ஊழியர். தாயார் சிறு கடை நடத்தி வந்தார். பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடத் தயங்காத குடும்பம் அது. கறுப்பின மக்களின் தன்மான உணர்வைப் பாடிய கவிஞர் எமே செசேர் ஆசிரியராகப் பணியாற்றிய பள்ளியிலேயே ஃபனானும் பயின்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது இட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிட வேண்டுமென்ற ஆர்வத்தால் அவர் தாமே முன்வந்து சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது வேறு. இனவெறியை எதிர்க்கப் புறப்பட்ட படைக்குள்ளேயே ஓர் ஏணி இருந்தது. வெள்ளையர் மேற்படியில் இருந்தனர். மேற்கிந்தியத் தீவினர் அதற்கு அடுத்த படியில். அரேபியரும் ஆப்பிரிக்கரும் அதற்கும் கீழே. உடையும் நடத்தப்படும் முறையும் படிக்கேற்ப மாறின. ஒவ்வொரு படியில் இருந்தவனும் தனக்குக் கீழே ஒருவன் உளன் என்று எண்ணி ஆறுதல் அடைந்தான். இத்தகைய ஏணியின் இயல்பை நம் சமுதாயத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 1944இன் இறுதியில் பிரான்சின் கிழக்குப் பகுதியில் நடந்த போரில் குண்டுச் சிதறல் பட்டு ஃபனான் காயமுற்றார். வீரப் பதக்கமும் பெற்றார். ஆனால் விடுதலை பெற்ற நகரங்களில் கறுப்பின வீரனுக்குக் கிடைத்த வரவேற்பு வெள்ளை வீரனுக்குக் கிடைத்ததைப் போன்றதன்று. அந்த வேதனை அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

மருத்துவக் கல்வி

போர் முடிந்தபின் பிரான்சின் லியோன் நகரில் அவர் மருத்துவம் பயின்று, மனநல மருத்துவத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டார். மாணவப் பருவத்திலேயே அவர் கருத்தைக் கவர்ந்த நோயாளிகள் அந்நகரின் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். அவர்கள் உடலெங்கும் வலிக்கிறதென்று மருத்துவரிடம் வருவர். எங்கே வலி, எப்போது தொடங்கியது என்று வினவினால் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். சோதித்துப் பார்த்தால் உடலில் குறை எதுவும் புலப்படாது. உடனே மருத்துவர்கள் அவர்களைச் சோம்பேறிகள், பாசாங்குக்காரர்கள் என்று முடிவு கட்டினர். ஃபனான் அவ்வாறு எண்ணவில்லை. வீட்டையும் மனைவி மக்களையும் விட்டு வந்து, நெருக்கடியான அறைகளில் உறங்கி, தெருவிலும் வேலையிடத்திலும் நாள்தோறும் இழிவைச் சுமந்து வாழும் மனிதனின் துயரமே உடல் வலியாக வெளிப்படுகிறதென்று அவர் கண்டார். 1952இல் வெளியான தம் கட்டுரையில் இதை விளக்கினார். நோயைத் தேடுமுன் நோயாளியின் வாழ்க்கையைத் தேட வேண்டுமென்பது அக்கட்டுரையின் சாரம்.

அதே ஆண்டில், கறுப்புத் தோலும் வெள்ளை முகமூடிகளும் என்று பொருள்படும் அவரது முதல் நூல் வெளிவந்தது. நாள்தோறும் இழிவுபடுத்தப்படும் மனிதன் நாளடைவில் பிறருடைய கண்கொண்டே தன்னைக் காணத் தொடங்குகிறான். தன்னைத் தானே வெறுக்கிறான். பொது இடத்தில் ஒரு சிறு குழந்தை தன்னைக் கண்டு அஞ்சித் தாயை அணைத்துக் கொள்ளும்போது கறுப்பு மனிதனின் உள்ளம் எவ்வாறு நொறுங்குகிறதென்று அவர் அந்நூலில் எழுதினார். இவ்வுணர்வு பிறவிக் குறையன்று, சமுதாயம் புகட்டிய நஞ்சு என்பதே அவர் முடிவு.

மருத்துவமனையே மருந்து

பயிற்சிக் காலத்தில் ஃபனான் பிரான்சின் மலைப்பகுதியில் உள்ள சேன்ட்-அல்பான் மனநல மருத்துவமனையில் ஓராண்டுக்கு மேல் பணியாற்றினார். அங்கு அவருக்கு வழிகாட்டியவர், ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் தோற்றோர் பக்கம் நின்று அகதியாக வந்த பிரான்சுவா தொஸ்கெல் என்னும் மருத்துவர். உலகப் போர்க் காலத்தில் பிரான்சின் மனநல மருத்துவமனைகளில் ஏறக்குறைய 40,000 நோயாளிகள் பசியாலும் கவனிப்பின்மையாலும் மாண்டனர். சேன்ட்-அல்பானில் மருத்துவரும் பணியாளரும் நோயாளியரும் சுற்றுப்புற உழவரோடு சேர்ந்து உழைத்து உணவு தேடிக்கொண்டதால் அந்த அவலம் பெரிதும் தவிர்க்கப்பட்டது. நோயாளியைப் பூட்டி வைக்கும் மருத்துவமனை நோயைப் பெருக்கும் என்பதும், வேலையும் பொறுப்பும் கூட்டமும் கொண்டாட்டமும் அமைந்த இடமாக அதை மாற்றினால் அவ்விடமே மருந்தாகும் என்பதும் தொஸ்கெலின் கொள்கை. ஃபனான் அக்கொள்கையைத் தம் நெஞ்சில் ஏற்றிக்கொண்டார்.

அல்ஜீரியாவில்

1953 நவம்பரில், அல்ஜீரியாவின் பிளிடா நகரில் இருந்த மனநல மருத்துவமனையில் ஒரு பிரிவின் தலைமை மருத்துவராக ஃபனான் பொறுப்பேற்றார். அல்ஜீரியாவும் அன்று பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் பல்லாண்டுகளாக ஒரு விபரீதப் பாடம் கற்பிக்கப்பட்டு வந்தது. வட ஆப்பிரிக்க மனிதனின் மூளையிலேயே குறையுண்டு, மேல் மூளையின் ஆளுகை அவனிடம் வலுவற்றது, ஆகவே அவன் பிறவியிலேயே முரடன், பொய்யன், கொலைகாரன் என்பது அப்பாடம். அந்துவான் போரோ என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணாக்கரும் இதனை அறிவியல் என்றே பரப்பினர். கென்யாவில் பணியாற்றிய கரோதர்ஸ் என்ற ஆங்கில மருத்துவரும் இதையொத்த கருத்தை எழுதினார். உலக சுகாதார நிறுவனம் அந்நூலை 1953இல் வெளியிட்டது. ஒரு மக்கட் கூட்டத்தைத் தாழ்த்தி வைக்க மதம் உதவுவதுண்டு, வழக்கம் உதவுவதுண்டு. இங்கே மருத்துவமே உதவிற்று. ஃபனான் இப்பொய்யை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார்.

பிளிடாவில் அவருடைய பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தனர். இரு சாராருக்கும் தனித்தனிப் பிரிவுகள். நோயாளிகளைக் கட்டி வைக்கும் வழக்கத்தை ஃபனான் அகற்ற முற்பட்டார். கூட்டங்கள், விழாக்கள், திரைப்படம், கைவேலை, நோயாளிகளே எழுதி அச்சிடும் ஏடு ஆகியவற்றைத் தொடங்கினார். ஐரோப்பியப் பெண்களின் பிரிவில் சில வாரங்களிலேயே நல்ல மாற்றம் தெரிந்தது. முஸ்லிம் ஆண்களின் பிரிவிலோ முயற்சி முற்றிலும் தோற்றது. அவர்கள் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. நாடகத்தில் நாட்டம் கொள்ளவில்லை. கூடை பின்னக் கை நீட்டவில்லை.

பிறராயின் பழியை அந்த நோயாளிகள் மீதே சுமத்தியிருப்பர். ஃபனானோ தம் முறையில்தான் பிழை இருக்க வேண்டுமென்று ஆராய்ந்தார். கூடை பின்னுதல் அவர்களுள் பெண்களுக்குரிய வேலை. கொண்டாடப்பட்ட பண்டிகைகள் அவர்களுடையவை அல்ல. அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவற்ற உழவர். அச்சிட்ட ஏடு அவர்களுக்கு எதற்கு? மருத்துவருக்கு அரபு மொழி தெரியாது. நோயாளிக்குப் பிரெஞ்சு தெரியாது. இடையே மொழிபெயர்ப்பாளர் வந்தால், அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் தம்மை விசாரித்த நாள்கள் அவர்கள் நினைவுக்கு வந்தன. ஐரோப்பியருக்கு அமைத்த முறையை அப்படியே அவர்கள்மீது திணித்ததே தவறென்று ஃபனான் வெளிப்படையாக எழுதி அறிவித்தார். பின்னர் மருத்துவமனைக்குள்ளேயே அவர்கள் வழக்கப்படி ஒரு காப்பிக் கடை அமைந்தது. இஸ்லாமியப் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. ஊர் ஊராகச் சென்று கதை சொல்பவர் வரவழைக்கப்பட்டார். உழவர் கைக்கு மண்வெட்டி வந்தது, தோட்டம் உருவாயிற்று, கால்பந்து ஆடுகளமும் எழுந்தது. வாய் திறவாதிருந்தோர் மெல்லப் பேசத் தொடங்கினர். துயருற்றவனுக்கு உதவ விரும்புவோர் அவனுடைய மொழியிலும் பழக்கத்திலும் நின்றே உதவ வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

போரும் உள்ளக் காயங்களும்

1954 நவம்பர் முதல் நாள் அல்ஜீரிய விடுதலைப் போர் மூண்டது. கிராமங்கள் எரிந்தன. பிடிபட்டோரைச் சித்திரவதை செய்வது அன்றாட நடைமுறையாயிற்று. பிளிடா மருத்துவமனைக்கு இரு தரப்பிலிருந்தும் நோயாளிகள் வந்தனர். ஃபனான் இரு தரப்பாருக்கும் மருத்துவம் செய்தார். மறைவில் விடுதலைப் போராளிகளுக்கும் உதவினார்.

மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்யப்பட்டவர்கள் விடுதலையான பின்னரும் மின்விளக்கின் பொத்தானைத் தொட அஞ்சினர். வானொலிப் பெட்டியையும் தொலைபேசியையும் கண்டு நடுங்கினர். மனநோய்க்கு மின் அதிர்ச்சிச் சிகிச்சை அளிப்பது அக்காலத்தில் பெருவழக்காயினும், இவர்களிடம் அச்சொல்லை எடுக்கவே இயலாது. வேறு சிலருக்கு, உண்மையை வரவழைப்பதற்கென்று மருத்துவர்களே ஊசி மருந்து செலுத்தியிருந்தனர். எதைச் சொன்னோம், எதை மறைத்தோம், யாரைக் காட்டிக் கொடுத்துவிட்டோம் என்பது அறியாமல் அவர்கள் தவித்தனர். தனியே ஒருவரோடு உரையாடுவதே அவர்களுக்கு அச்சமாயிற்று. மருத்துவர் ஒருவர் அறத்தை விற்றால், பின்னால் வரும் நல்ல மருத்துவரையும் நோயாளி நம்ப இயலாமற் போகிறது.

துன்பம் இழைத்தவர்களும் சிதைந்து போனார்கள். ஐரோப்பியக் காவல்துறை அதிகாரி ஒருவர் உறக்கமும் பசியும் இழந்து, சிறு ஓசையையும் பொறுக்க மாட்டாதவராய், தம் மனைவியையும் பச்சிளங் குழந்தையையும் கொடுமையாக அடிக்கத் தொடங்கினார். நாள் முழுதும் கைதிகளை வதைப்பதே அவர் தொழில். அவர் ஃபனானிடம் வந்து வேண்டியது அத்தொழிலை விடுவதற்கு வழியன்று. மனச்சான்றின் உறுத்தலின்றித் தொடர்ந்து வதைப்பதற்கு உதவியே. இத்தகைய வேண்டுகோளை மருத்துவம் எவ்வாறு ஏற்கும்?

மற்றொரு காவலர் இரவெல்லாம் கைதிகளின் அலறலைக் கேட்டார். வீட்டில் சன்னல்களை அடைத்தும், வானொலியை உரக்க வைத்தும் பார்த்தார், அலறல் ஓயவில்லை. ஒரு நாள் ஃபனானைக் காணக் காத்திருந்தவர் மருத்துவமனைத் தோட்டத்தில் உலாவச் சென்றார். அங்கே, முன்பு தம்மால் வதைக்கப்பட்ட அல்ஜீரியர் ஒருவர் நோயாளியாய் எதிர்ப்பட்டார். காவலர் வியர்வை பெருகி மரத்தில் சாய்ந்துவிட்டார். அந்த அல்ஜீரியரோ எங்கும் காணப்படவில்லை. தேடிப் பார்த்தபோது, தம்மை மீண்டும் கொண்டுசெல்ல வந்துவிட்டனர் என்று அஞ்சிக் கழிவறையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற நிலையில் அவர் கண்டுபிடிக்கப்பட்டார். காவலர் எவரும் இங்கு வர முடியாது, கண்டது வெறுந்தோற்றமே என்று சொல்லி அவரைத் தேற்றப் பணியாளர்க்கு நெடுநேரம் ஆயிற்று. பாதுகாப்பு உண்டென்ற நம்பிக்கை பிறவாத வரையில் உள்ளக் காயம் ஆறாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

விடுதலைப் படையில் இருந்த 19 வயது இளைஞன் ஒருவனின் கதையும் உண்டு. அவன் தாயைப் படைவீரன் ஒருவன் கொன்றான். சகோதரியரைப் படை முகாமுக்குக் கொண்டுசென்றனர். அவன் வெறிகொண்டு, குடியேறியவர் ஒருவரின் மனைவியைக் கொன்றான். அதன்பின் இரவுதோறும் குருதி வடியும் பெண்ணுருவம் அவன்முன் தோன்றியது. தன் குருதியைத் திருப்பித் தரும்படி கேட்டது. சில வாரச் சிகிச்சையில் அவன் ஓரளவு தேறினான்; ஆயினும் உள்ளத்தின் விரிசல் முற்றும் மூடவில்லை. ஒடுக்கப்பட்டோர் ஆயுதம் ஏந்துவதை ஆதரித்து எழுதியவர் ஃபனான். அக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியது. ஆனால் அந்த ஆயுதம் ஏந்தியவனின் உள்ளத்தையும் கிழிக்கிறது என்பதை மறைக்காமல் பதிவு செய்தவரும் அவரே. இந்நேர்மையை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

பதவி துறப்பும் பகல் மருத்துவமனையும்

நோயாளியைத் தேற்றி அனுப்பினால் அவன் திரும்பிச் செல்வது அவனை நோயாளியாக்கிய அதே இடத்திற்குத்தான். சொந்த மண்ணிலேயே அயலானாக வாழும்படி ஒரு மக்கட் கூட்டத்தைக் கட்டாயப்படுத்தும் ஆட்சியின்கீழ் மனநல மருத்துவம் பொருளற்றுப் போகிறது என்ற முடிவுக்கு ஃபனான் வந்தார். 1956இன் இறுதியில் காரணங்களை விரிவாக எழுதிப் பதவியைத் துறந்தார். 1957 சனவரியில் நாடு கடத்தப்பட்டார்.

துனீசியாவுக்குச் சென்ற அவர் விடுதலை இயக்கத்தின் ஏட்டில் எழுதினார். மருத்துவத்தையும் விடவில்லை. துனிஸ் நகரின் சார்ல்-நிக்கோல் மருத்துவமனையில் ஒரு பகல் மருத்துவமனையை நிறுவினார். நோயாளி காலையில் வந்து, சிகிச்சை பெற்று, மாலையில் வீடு திரும்புவார். குடும்பத்தினின்றும் ஊரினின்றும் அவரைப் பிரிக்காமல் குணப்படுத்துவதே நோக்கம். ஆப்பிரிக்காவில் இம்முறையைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஃபனான் ஒருவர். எல்லையோர முகாம்களில் அடைக்கலம் புகுந்திருந்த அல்ஜீரிய அகதிகளின் மனத்துயரையும் அவர் ஆராய்ந்தார். வீடிழந்த தாய்மார்க்குப் பிள்ளைப்பேற்றின்பின் தோன்றிய மனக்கலக்கம் அவர் கவனத்தைப் பெற்றவற்றுள் ஒன்று.

1960இல் அல்ஜீரிய விடுதலை அரசின் தூதராக அவர் கானா நாட்டில் பணியாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் இரத்தப் புற்றுநோய் அவரைப் பற்றியது தெரியவந்தது. சோவியத் நாட்டில் சிகிச்சை பெற்றும் நோய் தணியவில்லை. எஞ்சிய நாள்களில் விரைந்து எழுதிய நூலே, மண்ணுலகின் சபிக்கப்பட்டோர் என்று பொருள்படும் புகழ்பெற்ற நூல். பலரும் அதன் முதற்பகுதியையே பேசுவர். மேலே கூறிய நோயாளிகளின் வரலாறுகள் அதன் கடைசிப் பகுதிகளுள் ஒன்றில் அடங்கியுள்ளன. நூல் வெளிவந்த சில நாள்களில், 1961 டிசம்பர் 6ஆம் நாள், அமெரிக்காவில் பெத்தெஸ்தா நகர மருத்துவமனையில் ஃபனான் காலமானார். அவர் விருப்பப்படி உடல் அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதைக் காண அவர் இல்லை. அவர் பணியாற்றிய பிளிடா மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் அறியத்தக்கவை

பேரதிர்ச்சிக்குப் பின் தோன்றும் மனநோயை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரிட்டுச் சேர்த்தது 1980இல்தான். அதாவது ஃபனான் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பின். கொடுமையைக் கண்டவரும் அனுபவித்தவரும் உறக்கமிழத்தல், நடந்தது கண்முன் மீண்டும் மீண்டும் தோன்றுதல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், அவ்விடத்தையும் அப்பேச்சையும் தவிர்த்தல், காரணமின்றிச் சினத்தல், யாரோடும் ஒட்டாதிருத்தல் ஆகியவற்றுக்கு ஆளாவர். பலருக்குச் சில வாரங்களில் இவை தாமே தணியும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்தால், அல்லது உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால், தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். இது கோழைத்தனமன்று, பேய் பிடித்ததுமன்று, குலத்தின் குறையுமன்று. எலும்பு முறிந்தவன் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாம்.

அருகிலிருப்போர் செய்யத்தக்கதும் உண்டு. முதலில் அவருக்குப் பாதுகாப்பான இடமும் உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்ய வேண்டும். அவர் பேச விரும்பினால் பொறுமையாகக் கேட்க வேண்டும். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. வருவோர் போவோரிடமெல்லாம் அதே கதையைச் சொல்லவைப்பது ஆறும் புண்ணைக் கிளறுவதாகும். மறந்துவிடு என்று கடிவதும் பயன் தராது. உறவினரோடும் வேலையோடும் பள்ளியோடும் உள்ள தொடர்பு அறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீதி கிடைக்க உடன் நிற்க வேண்டும். குற்றம் இழைத்தவன் எதிரே தலைநிமிர்ந்து உலவும்போது உள்ளம் எளிதில் ஆறாது.

நம் சங்கத்தின் உதவியால் கற்று முன்னேறும் இளைஞர்களே! பொறியாளராகவும் அலுவலராகவும் ஆவது நன்று. உங்களுள் சிலரேனும் மனநல மருத்துவராகவும், உளவியல் ஆலோசகராகவும், செவிலியராகவும் வர வேண்டும். நம் தாய்மார் தம் துயரத்தைச் சொல்லும்போது, அதை நம் பேச்சிலேயே கேட்டு, பாசாங்கென்று தள்ளாமல், நோயின் வேரை அறிந்து மருந்திடும் கைகள் நமக்குத் தேவை. ஃபனானுக்குத் தம் நோயாளிகளின் மொழி தெரியாது. அந்தக் குறையை அவர் அரும்பாடுபட்டு நிறைவு செய்ய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தக் குறை இல்லை. கற்பதற்கு வேண்டிய உதவியைச் சங்கம் செய்யும். கற்று வந்து ஊருக்கு உதவுவது உங்கள் கடமை.